வீடற்றோருக்குத் துணைநிற்கும் தன்னார்வலர்கள்: பணியும் பாராட்டும்

தங்க வீடின்றித் தெருவோரத்திலும் பொது இடங்களிலும் வாழ்வோருக்கு உணவு, உடை, மருத்துவம், தங்குமிடம், அடையாள ஆவணம் ஆகியவை கிடைக்கப் பலர் ஊதியம் கருதாமல் உழைக்கின்றனர். வேறு சிலர் பொருளாலும் நேரத்தாலும் இடத்தாலும் துணைநிற்கின்றனர். இவர்களைப் பாராட்டுவது சமூகத்தின் கடமை. ஆனால் அந்தப் பாராட்டு, உதவி பெற்றவரின் மானத்தைக் குறைப்பதாக அமைந்துவிடக் கூடாது. இவர்கள் செய்யும் பணி என்ன, அதற்குச் சட்டம் தரும் துணை என்ன, அவர்களை எவ்வாறு போற்றுவது தகும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வீடற்றோர் யார்?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கூரையுள்ள ‘கணக்கெடுப்பு வீடு’ எதிலும் வசிக்காத குடும்பத்தினரை வீடற்றோர் என வரையறுக்கிறது. சாலையோரம், நடைபாதை, பெரிய சிமென்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, வழிபாட்டு இடங்களின் திறந்தவெளி, மண்டபம், ரயில் நிலைய நடைமேடை ஆகிய இடங்களில் வாழ்வோர் இதில் அடங்குவர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பிப்ரவரி 28 இரவில் இவர்கள் எண்ணப்பட்டனர். பகலில் வேலை தேடிப் பல திசைகளில் பிரிந்துவிடுபவர்களை அவர்கள் உறங்கும் இடத்தில்தான் கண்டறிய முடியும் என்பதே இரவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். அந்தக் கணக்கின்படி இந்தியாவில் 17.7 லட்சம் பேர் வீடற்றோர். அவர்களுள் 9.38 லட்சம் பேர் நகரங்களில் வாழ்ந்தனர்.

வீடற்றோர் எல்லோரும் பிச்சை எடுப்பவர்கள் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. மூட்டை சுமப்போர், கட்டட வேலை செய்வோர், பழைய காகிதம் பொறுக்குவோர், சமையல் பந்திகளில் பாத்திரம் கழுவுவோர், பூக்கட்டி விற்போர் எனப் பலர் உழைத்தே உண்கின்றனர். ஆனால் வாடகைக்கும் முன்பணத்துக்கும் அவர்களின் கூலி போதாது. குடும்பத்தால் கைவிடப்பட்ட முதியோர், வன்முறைக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறிய பெண்கள், மனநோயால் வழிதவறியவர்கள், வேலை தேடி வந்து திரும்ப முடியாமல் போனவர்கள், பெரிய மருத்துவமனைகளின் வாசலில் மாதக்கணக்கில் தங்கும் நோயாளியின் உறவினர்கள் ஆகியோரும் தெருவில் உறங்குகின்றனர். ஒவ்வொருவரின் தேவையும் வேறு. அதனால் உதவும் முறையும் ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டியிருக்கிறது.

தமிழ் மரபில் ஓர் எடுத்துக்காட்டு

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதையை மாணவர்கள் அறிந்திருப்பார்கள். பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டவன் அவன். பின்னர் வளர்த்தவர்களும் துரத்திவிட, மதுரைக்குச் சென்று சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கினான். கையில் ஓர் ஓடு ஏந்தி வீடுதோறும் இரந்தான். கிடைத்ததைப் பார்வையற்றோர், காது கேளாதோர், நடக்க இயலாதோர், பேணுவார் இல்லாதோர், நோயாளிகள் ஆகியோரை அழைத்து முதலில் ஊட்டிவிட்டு, மிஞ்சியதையே தான் உண்டான். அந்த ஓட்டையே தலைக்கு வைத்து உறங்கினான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பின்னர்தான்.

இக்கதையில் இரண்டு செய்திகளைக் கவனிக்கலாம். முதலாவது, உதவி செய்த ஆபுத்திரனும் வீடற்றவனே. இல்லாதவருக்கு இல்லாதவரே துணையாவது அன்றும் நடந்தது. இன்றும் நடைபாதைகளில் நடக்கிறது. இரண்டாவது, அவன் அறத்துக்குப் பரிசாக வரம் தர இந்திரன் வந்தபோது ஆபுத்திரன் அதை நாடவில்லை. பசித்தவர் உண்டு முகம் மலர்வதைக் காண்பதைவிடப் பெரிய பேறு அவனுக்குத் தேவலோகத்திலும் இல்லை. பாராட்டைப் பற்றிப் பேசும்போது இந்த இடம் நினைவில் நிற்க வேண்டும்.

பிற்காலத்தில் இராமலிங்க வள்ளலார் 1867ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம், ஊர் எதுவும் கேட்காமல் பசித்தவர் எவருக்கும் உணவு என்பதே அதன் நெறி. அன்று ஏற்றிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

சட்டம் தரும் துணை

தன்னார்வலர்கள் செய்வது இரக்கத்தால் இடும் தருமம் மட்டும் அன்று. வீடற்றோருக்கு உரிமையாக உள்ளதை அவர்களிடம் கொண்டு சேர்ப்பதும் அவர்கள் பணியே. அந்த உரிமைகளில் சில:

வாழ்வுரிமை: அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. 1985ஆம் ஆண்டு பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா தெல்லிஸ் வழக்கில், பிழைக்கும் வழியும் வாழ்வுரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் கூறியது. 1995ஆம் ஆண்டு சமேலி சிங் வழக்கில் உறைவிட உரிமையையும் இதனுள் வைத்தது.

இரவுக் காப்பகம்: தில்லியில் குளிர்காலத்தில் தற்காலிகக் காப்பகம் ஒன்று அகற்றப்பட்டதை அடுத்து, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் ஆணைகள் பிறப்பித்தது. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்பது அதன் சாரம். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காப்பகத் திட்டம் இதையே பின்பற்றி, ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்ற அளவையும் வகுத்தது. சென்னையில் மாநகராட்சியின் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. பெண்கள், ஆண்கள், குழந்தைகள், முதியோர், மனநலம் குன்றியோர் எனத் தனித்தனிக் காப்பகங்கள் உள்ளன.

மனநலம்: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 100ஆம் பிரிவின்படி, மனநோயுடன் தெருவில் திரிந்து தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவரைக் காவல்துறையினர் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். அவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமற்போனவர் என வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடும் பொறுப்பும் காவல்துறைக்கு உண்டு.

வாக்குரிமை: முகவரிச் சான்று இல்லாததால் வீடற்றவர் வாக்காளர் ஆக முடியாது என்பது தவறு. அவர் உறங்கும் இடத்தையே முகவரியாகக் குறிப்பிடலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அங்கு சென்று பார்த்து உறுதி செய்தால் போதும் எனத் தேர்தல் ஆணைய விதிமுறை கூறுகிறது.

தன்னார்வலர்கள் செய்யும் பணிகள்

உணவுப் பொட்டலம் வழங்குவதே கண்ணில் படும் பணி. ஆனால் அது தொடக்கம்தான். அமாவாசை அன்று கோயில் வாசலில் ஒருவருக்கு ஐந்து பொட்டலம் கிடைப்பதும், மறுநாள் ஒன்றும் கிடைக்காமல் போவதும் உண்டு. அனுபவமுள்ள தன்னார்வலர்கள் யார், எங்கே, எந்த வேளையில் கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, விடுபட்ட இடத்துக்கும் நாளுக்கும் பொறுப்பேற்கின்றனர்.

அதைவிடக் கடினமானது நம்பிக்கையைப் பெறுவது. தெருவில் வாழ்பவர் பலமுறை விரட்டப்பட்டவர், ஏமாற்றப்பட்டவர். காப்பகத்துக்கு அழைத்தால் உடனே எழுந்து வரமாட்டார். தம் மூட்டையைப் பிடுங்கிக்கொள்வார்களோ, அடைத்துவைப்பார்களோ என்று அஞ்சுவார். தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டு முதலே பிச்சை எடுத்தலைத் தடுக்கும் சட்டம் இருப்பதையும் இந்த அச்சத்தோடு சேர்த்து எண்ண வேண்டும். எனவே வாரந்தோறும் அதே நாளில், அதே வேளையில், அதே முகத்தோடு சென்று, ‘ஐயா’, ‘அம்மா’ என அழைத்து, பெயரையும் ஊரையும் கேட்டு, சொன்னதை மறக்காமல் மறுவாரம் கேட்பதுதான் முதல் மருந்து. ஒருவர் காப்பகத்துக்கு வரச் சம்மதிக்க மாதங்கள் ஆகலாம்.

இதன் பின்னரே மற்றவை: புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுதல், முடி திருத்திக் குளிக்க வைத்தல், மருத்துவமனைக்கு உடன் சென்று வரிசையில் நிற்றல், மாத்திரையை வேளைக்கு நினைவூட்டல், ஆதார் அட்டைக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பித்தல், வேலை தேடித் தருதல், குடும்பத்தைக் கண்டுபிடித்துப் பேசுதல். எவரும் உரிமை கோராத உடலை முறைப்படி அடக்கம் செய்வதும் இதில் சேரும். உத்தரப் பிரதேசத்தின் அயோத்தியில் உரிமை கோரப்படாத உடல்களுக்கு இறுதிச் சடங்கு செய்து வந்த முகமது ஷெரீப்புக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர் மிதிவண்டி பழுதுபார்ப்பவர்.

முன்னோடிகளும் அமைப்புகளும்

அன்னை தெரேசா 1952இல் கொல்கத்தாவின் காளிகாட்டில் ‘நிர்மல் ஹ்ருதய்’ இல்லத்தைத் தொடங்கினார். தெருவில் சாகக் கிடந்தவர்கள் கடைசி நாள்களையாவது ஒருவரின் பராமரிப்பில் கழிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1979இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது, வழக்கமாக அளிக்கப்படும் விருந்தை வேண்டாம் என்று சொல்லி, அதற்கான பணத்தை ஏழைகளுக்குத் தரும்படி கேட்டுக்கொண்டார்.

சென்னையில் வித்யாகர் 1983இல் ‘உதவும் கரங்கள்’ அமைப்பைத் தொடங்கினார். கைவிடப்பட்ட குழந்தைகள், பெண்கள், நோயாளிகள் எனப் பலருக்கு அது இல்லமானது. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகிய இருவரும் மனநோயுடன் தெருவில் திரிந்த பெண்களுக்காகச் சென்னையில் ‘பான்யன்’ அமைப்பை நிறுவினர். நீண்ட காலம் மருத்துவ இல்லத்தில் இருந்த பெண்கள் சிலர் சேர்ந்து, ஊருக்குள் சாதாரண வாடகை வீட்டில் துணையாளருடன் வாழும் முறையையும் இந்த அமைப்பு நடைமுறைப்படுத்தியது. காப்பகம் முடிவிடம் அன்று, வீடே முடிவிடம் என்பதற்கு இது சான்று.

மனநல மருத்துவர் பரத் வாட்வானியும் அவர் துணைவி ஸ்மிதாவும் 1988இல் மும்பையில் ‘சிரத்தா’ மறுவாழ்வு அமைப்பைத் தொடங்கினர். அதற்கு வித்திட்டது ஒரு காட்சி. அழுக்கேறிய இளைஞர் ஒருவர் தேங்காய்ச் சிரட்டையால் சாக்கடை நீரை மொண்டு குடித்துக்கொண்டிருந்தார். அவரை அழைத்துச் சென்று சிகிச்சை அளித்தபோது, ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்த படித்த இளைஞர் அவர் எனத் தெரியவந்தது. தெருவில் மீட்டவர்களைக் குணப்படுத்திக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் பணிக்காக வாட்வானிக்கு 2018இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

அரசுத் துறையும் தன்னார்வலரும் கைகோப்பதற்குச் சென்னைப் பெருநகரக் காவல்துறை 2021இல் தொடங்கிய ‘காவல் கரங்கள்’ எடுத்துக்காட்டு. ஆதரவற்றோரைப் பற்றித் தகவல் வந்ததும், காவலர்களும் தொண்டு அமைப்பினரும் சேர்ந்து அவர்களை மீட்டு உரிய இல்லத்திலோ குடும்பத்திலோ சேர்க்கின்றனர்.

மேடைக்கு வராத துணையாளர்கள்

விருது பெறுவோர் சிலர். விருதுப் பட்டியலில் பெயர் வராமலே இந்தப் பணியைத் தாங்கி நிற்போர் பலர். காப்பகத்தில் குறைந்த சம்பளத்துக்கு இரவெல்லாம் விழித்திருந்து, படுக்கையை நனைத்துவிட்ட முதியவரை முகம் சுளிக்காமல் துடைத்துவிடும் பராமரிப்பாளர். விடிகாலையில் முதல் தேநீரைக் காசு கேட்காமல் நீட்டும் டீக்கடைக்காரர். மழை வந்தால் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்க விடும் வணிகர். ‘அந்த மூலையில் ஒரு பாட்டி இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை’ என்று முதலில் தகவல் சொல்லும் தூய்மைப் பணியாளர். உடை கிழிந்தவரையும் ஏற்றிச் செல்லும் ஆட்டோ ஓட்டுநர். இலவசமாக முடி திருத்தும் தொழிலாளி. மருத்துவமனையில் ‘உடன் வந்தவர் யார்?’ என்று விரட்டாமல் தாமே படிவத்தை நிரப்பித் தரும் செவிலியர். இவர்கள் இல்லாமல் எந்த அமைப்பும் ஒரு நாள்கூட நடக்காது.

தெருவில் வாழ்பவரே தெருவில் வாழ்பவருக்குச் செய்யும் உதவியும் உண்டு. பக்கத்தில் படுப்பவர் வேலைக்குப் போகும்போது மூட்டையைப் பார்த்துக்கொள்வது, இளம்பெண்ணை நடுவில் படுக்கவைத்து மூத்த பெண்கள் சுற்றிப் படுப்பது, பார்வையற்றவரைக் கைபிடித்து உணவு வரிசைக்கு அழைத்துப்போவது ஆகியவை எந்தக் கணக்கிலும் ஏறாத தொண்டு. ஆபுத்திரனின் வழித்தோன்றல்கள் இவர்களே.

எவ்வாறு பாராட்டுவது?

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1985இல் எடுத்த முடிவின்படி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அக்டோபர் 10 உலக வீடற்றோர் நாளாக 2010 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிகளும் கல்லூரிகளும் இந்நாள்களில் விழா எடுக்கலாம். விழா எடுக்கும்போது மனத்தில் கொள்ள வேண்டியதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் ஒரு மார்கழி இரவில் மாணவர்களுடன் பேருந்து நிலையம் அருகே போர்வை வழங்கினோம். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, போர்வையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். பள்ளி ஆண்டு மலருக்கு ஆகும் என்பது என் எண்ணம். ஒரு பெரியவர் போர்வையை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். “படம் வேணாம் சார். ஊர்ல பொண்ணு இருக்கு. நான் இங்க ஹோட்டல்ல வேலை பாக்குறேன்னு நெனச்சிட்டிருக்கு” என்றார். போர்வையை வற்புறுத்திக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. அன்று குளிரில் அவர் எதைப் போர்த்திப் படுத்தார் என்பது எனக்குத் தெரியாது. மாணவர்களைப் பாராட்ட நான் செய்த ஏற்பாடு, ஒரு மனிதரிடமிருந்து போர்வையைப் பறித்துவிட்டது.

இதில் சட்டமும் நமக்கு வழிகாட்டுகிறது. வீடற்ற குழந்தை, சிறார் நீதிச் சட்டம், 2015இன்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அத்தகைய குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை அச்சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவர் ஒப்புதலின்றி ஊடகத்துக்குத் தருவதும் கூடாது.

இவற்றைக் கருதி, தகுந்த பாராட்டுக்குச் சில நெறிகளை இவ்வாறு தொகுக்கலாம்:

1. தன்னார்வலரின் படம் போதும். உதவி பெறுபவரின் முகம் வேண்டாம்.

2. ‘சிறந்த சமூக சேவகர்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, அவர் செய்ததைச் சொல்லிப் பாராட்டுக. ‘ஓராண்டாக வியாழன்தோறும் ரயில் நிலையத்தில் புண்களுக்குக் கட்டுப் போட்டார்’ என்னும் ஒரு வரி, கேட்பவருக்கும் வழி காட்டும்.

3. அமைப்பின் தலைவரோடு சமையல்காரர், இரவுப் பராமரிப்பாளர், ஓட்டுநர் ஆகியோரின் பெயரையும் வாசிக்க வேண்டும்.

4. பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் செலவில் காப்பகத்துக்குத் தேவையானதை வாங்கித் தரலாம். கட்டுத்துணி, முதியோர் அணையாடை, சோப்பு, செருப்பு, பெண்களுக்கான அணையாடை ஆகியவை எப்போதும் தேவைப்படுபவை.

5. தன்னார்வலர்களும் களைத்துப்போவார்கள். ஒருவரை மீட்டு, பேணி, பின் இழக்கும் துயரம் அவர்களைத் தின்னும். ஒரு வாரம் அவர்கள் வேலையை நாம் ஏற்று ஓய்வு தருவதும், முதலுதவிப் பயிற்சிக்கும் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்வதும் உண்மையான மரியாதை.

6. மறுவாழ்வு பெற்ற ஒருவர் தாமே விரும்பினால் விழாவில் பேசட்டும். அவர் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது அவர் முடிவு.

தகுதியானவரைப் பத்ம விருதுகளுக்குப் பொதுமக்கள் எவரும் இணையவழியில் பரிந்துரைக்கலாம் என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

மாணவர்கள் செய்யத்தக்கவை

1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின் முழக்கம், ‘நான் அல்ல, நீ’ என்னும் பொருள் கொண்டது. வீடற்றோர் பணிக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை. மாணவர்கள் தனியே இரவில் செல்லாமல், ஆசிரியருடனோ அனுபவமுள்ள அமைப்புடனோ சேர்ந்து தொடங்க வேண்டும். தெருவில் யாரேனும் மயங்கிக் கிடந்தால் 108, தனித்துத் தவிக்கும் குழந்தையைக் கண்டால் 1098, ஆபத்திலுள்ள பெண்ணுக்கு 181, கைவிடப்பட்ட முதியவருக்கு 14567 ஆகிய எண்களை அழைக்கலாம். அழைத்துவிட்டு நகர்ந்துவிடாமல், உதவி வந்து சேரும் வரை பாதுகாப்பான தொலைவில் நிற்பதும் தொண்டே.

முடிவாக

வீடற்றோருக்கு உதவுவோரை நாம் போற்றுவது, அவர்கள் செய்யும் வேலை பெருக வேண்டும் என்பதற்காக. நாம் எடுக்கும் விழா முடிந்தபின் அந்த வேலைக்குப் புதிதாக ஒருவராவது வந்து சேர்ந்தால் பாராட்டு பலித்தது எனலாம். அந்தப் பெரியவருக்குப் போர்வை தந்து, பெயர் கேட்டு, படம் எடுக்காமல் திரும்பும் மாணவர் ஒருவர் உருவானால், அதுவே தன்னார்வலர்களுக்குச் செய்யும் சிறந்த மரியாதை.